சாக்கடை வழி வந்த கம்பி

உங்கள் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கம்பி எந்தெந்தத் தெரு வழியாக வருகிறது என்று என்றைக்காவது நடந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு வந்திருக்காது. ஜான்சிக்கு வந்தது. ஊரில் தெருவோரம் நிற்கும் தொலைபேசி இணைப்புப் பெட்டியிலிருந்து தன் வீட்டு வாசல்வரை அவர் நாடா பிடித்து அளந்திருக்கிறார். முந்நூற்று எண்பது மீட்டர். ஏழு கம்பம் நட்டால் போதும். அந்த ஏழு கம்பங்கள் இந்த வரியை எழுதும்வரை நடப்படவில்லை.

குமராட்சியிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கமாக இரண்டரை கிலோமீட்டர் போனால் ஒட்டந்திட்டு. முதலில் ஊர். ஊரின் கடைசியில் தெற்குத் தெரு. அதைக் கடந்தால் ஒரு பக்கம் நெல்வயல், மறுபக்கம் வாய்க்கால். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு வீடுகள். ஊரில் இருப்பவர்கள் அதைக் காலனி என்பார்கள். அங்கே வசிப்பவர்கள் தொண்ணூறுகளிலேயே அதற்குப் புதுத்தெரு என்று பெயர் வைத்து, பலகையும் நட்டுவிட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இதற்கு வேலை இருக்கிறது.

ஜான்சி அந்தப் புதுத்தெருவில் பிறந்தவர். அப்பா கண்ணாயிரம், நாற்றுப் பறிக்கவும் கட்டுத் தூக்கவும் போன கூலியாள். மாதா கோயிலுக்குப் போய்வந்த அம்மா வைத்த பெயர் ஜான்சி. அம்மா சீக்கிரமே போய்விட்டார். மகள் சிதம்பரத்தில் விலங்கியல் படித்து, 2004இல் சென்னைக்குப் போனார். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். நூறு சொல்லில் ஒன்றரைக்கு மேல் பிழை இருக்கக்கூடாது. நான்கே வருடத்தில் மற்றவர்கள் அடித்ததைத் திருத்தும் இடத்துக்கு உயர்ந்துவிட்டார். புதுத்தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவர்.

2008 நவம்பரில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு கரையேறிய கண்ணாயிரம் வழுக்கி விழுந்தார். இடுப்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஒரு வருடமாவது தனியாக எழுந்து நிற்க முடியாது என்றார்கள். வேறு யாரும் இல்லை. ஜான்சி பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நிறுவனம் அவரை விட விரும்பவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. நோயாளிகளின் இரகசியம் என்பதால் பிரவுசிங் சென்டரில் உட்காரக் கூடாது. சொந்த வீட்டில், தரைவழி இணைப்பில், பிராட்பேண்ட் இருக்க வேண்டும். கெடு ஜூன் 30, 2009. அதற்குள் இல்லையென்றால் வேலை இல்லை.

டேட்டா கார்டு ஒன்று வாங்கிச் செருகிப் பார்த்தார். ஆறு எம்.பி. குரல்பதிவு இறங்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. தொண்ணூறு விழுக்காட்டில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் நாள் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுத் தொலைபேசி அலுவலகத்தில் போய் விண்ணப்பம் கொடுத்தார். முகவரி: புதுத்தெரு, ஒட்டந்திட்டு.

2009 பிப்ரவரி 11 அன்று அந்த விண்ணப்பத்தில் "இணைப்புத் தரலாம்" என்று முத்திரை விழுந்தது. ஒரு வாரத்தில் லாரியில் ஏழு இரும்புக் கம்பங்கள் வந்து தெற்குத் தெரு முனையில் இறங்கின. குழி வெட்ட வந்தவர்கள் எதிரே நின்ற சுப்பராயலுவிடம் வழி கேட்டார்கள். சுப்பராயலு கோயில் தர்மகர்த்தா. அந்த வட்டாரத்துக்கே கேபிள் டிவி கொடுப்பவரும் அவர்தான்.

"புதுத்தெரு எந்தப் பக்கம்ங்க?"

"புதுத்தெருவா? எங்க ஊர்ல அப்பிடி ஒரு தெருவே கெடையாதே. பேரு என்னா போட்டுருக்கு?"

"ஜான்சி, தந்தை பேரு கண்ணாயிரம்."

"அடேய், அது காலனிடா! இத்த சொல்ல மாட்டீங்களா? தூக்கு, தூக்கு."

மறுநாள் அதே லாரி வந்து ஏழு கம்பங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. மூன்று வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது: தொழில்நுட்பக் காரணங்களால் இணைப்பு வழங்க இயலாது.

தொழில்நுட்பம்! இந்த நாட்டில் மிக அதிகமாக அவமதிக்கப்பட்ட சொல் இதுவாகத்தான் இருக்கும். மின்னணுவும் செம்பும் என்ன பாவம் செய்தன? பிப்ரவரி 11 அன்று கம்பிக்குள் ஓடத் தயாராக இருந்த மின்சாரம், 19ஆம் தேதி ஜான்சி எங்கே குடியிருக்கிறார் என்று தெரிந்ததும் ஓட மறுத்துவிட்டதாம். இதை நம்பச் சொல்லி அரசாங்கம் அஞ்சலட்டை போடுகிறது.

ஜான்சி நம்பவில்லை. பிழை பார்த்துச் சம்பளம் வாங்கியவர் அல்லவா? பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். பெட்டியில் எத்தனை இணைப்புக்கு இடம் உண்டு, எத்தனை காலி? பெட்டியிலிருந்து என் வீடு எத்தனை மீட்டர்? எந்தத் தொழில்நுட்பம் தடுக்கிறது? என் கோப்பின் நகலைக் கொடுங்கள்.

முப்பதாவது நாள் பதில் வந்தது. பெட்டியில் பத்து இணைப்புக்கு இடம் உண்டு, ஆறு காலி. தூரம் முந்நூற்று எண்பது மீட்டர். மூன்றாவது கேள்விக்கு நேரே ஒரு கோடு. கோப்பின் நகலில் இரண்டு முத்திரைகளும் அடுத்தடுத்து இருந்தன: தரலாம், இயலாது. இரண்டுக்கும் நடுவில் யாரோ பேனாவால் எழுதிய குறிப்பு: "புதுத்தெரு என்பது காலனி எனத் தெரியவருகிறது. கம்பி சாமி வீதியுலாப் பாதையின் மேல் செல்லும். ஊர் முக்கியஸ்தர்கள் வாய்மொழி ஆட்சேபம். எனவே தொழில்நுட்பக் காரணம் எனப் பதில் தரலாம்."

எழுதியவர் அவசரப்படவில்லை. எழுத்து மணிமணியாக இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று ஊர்ச் சாமி தெற்குத் தெரு வழியாகக் கொள்ளிடத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். அந்தச் சாமியின் தலைக்கு மேலே, காலனிக்குப் போகும் கம்பி கிடக்கக் கூடாதாம். இதுதான் தொழில்நுட்பம்.

நகலை எடுத்துக்கொண்டு ஜான்சி அலுவலகம் அலுவலகமாகப் படியேறினார். சிதம்பரத்தில் கடலூருக்குப் போகச் சொன்னார்கள். கடலூரில் இது சட்டம் ஒழுங்கு விவகாரம், வேறு துறை என்றார்கள். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. கடைசியில் ஜூன் 5 அன்று இரு தரப்பையும் கூப்பிட்டு ஓர் அதிகாரி அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தினார். கலவரத்துக்கு அமைதிப் பேச்சு கேள்விப்பட்டிருக்கிறோம். தொலைபேசிக் கம்பிக்கு அமைதிப் பேச்சு! கெடுவுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான்.

அதிகாரி நடுவில். ஒரு பக்கம் சுப்பராயலுவும் அவரோடு வந்த நான்கு பேரும். மறுபக்கம் ஜான்சி, தனியாக. ஓரத்தில் தொலைபேசித் துறை அனுப்பிய லைன்மேன் சபாபதி.

"நாங்க ஒண்ணும் பொம்பளப் புள்ள பொழப்புல மண்ணப் போட வரலீங்க" என்று தொடங்கினார் சுப்பராயலு. "சாமி காரியம். இவ அப்பன் எங்க வயல்ல வேல செஞ்சவன்தான். அவனே இத ஒத்துக்க மாட்டான். என்னா ஜான்சி, நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாதா?"

"தெரியல சார். சாமி தலைக்கு மேல இப்ப ஒரு கம்பியும் போவலியா?"

"கரண்டு கம்பி போவுது. அது கெவுர்மெண்டு."

"டெலிபோனும் கெவுர்மெண்டுதான். வேற கம்பி?"

சுப்பராயலு அதிகாரியைப் பார்த்தார். ஜான்சியே சொன்னார்.

"ஒங்க கேபிள் டிவி கம்பி சார். தெற்குத் தெருவத் தாண்டித்தான் எங்க நாப்பத்திரண்டு வூட்டுக்கும் வருது. மாசி மகத்துக்கு ஒங்க ஆளு கவைக்கோல வச்சி அத்தத் தூக்கிப் புடிக்கிறாரு. சாமி அதுக்கு அடியிலதான் போவுது. ஒண்ணும் ஆவலியே?"

"அது வேற. அது எங்க கம்பி. எங்க கம்பி காலனிக்குப் போவுது. நீ கேக்குறது காலனிக் கம்பி."

இதை ஒருவர், அரசு அலுவலகத்தில், பட்டப்பகலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார். செம்புக் கம்பிக்கும் சாதி உண்டு, அது அதன் சொந்தக்காரரைப் பொறுத்தது என்று. எதிரே இருந்த அதிகாரி, அறிவியல் பட்டம் பெற்றவர், தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக் குறிப்பும் எடுத்தார்.

"சரி" என்றார் அதிகாரி. "மேல வேணாம். பூமிக்கு அடியில பள்ளம் தோண்டிக் கொண்டு போனா?"

"சாமி நடக்குற மண்ணுங்க அது. தோண்டவே கூடாது."

"சாமி எங்க சார் நடக்குது?" என்றார் ஜான்சி. "நாலு பேரு தோள்லதான போவுது?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார். சுப்பராயலுவின் ஆட்களில் ஒருவர் எழுந்து, "நாக்க அடக்கிப் பேசச் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் ஓரத்திலிருந்து சபாபதி வாயைத் திறந்தார்.

"சார், தோண்டவே வேணாம். தெற்குத் தெருவுக்குக் குறுக்கால ஒரு கல்வெர்ட்டு இருக்குதுங்க. ஊர்ச் சாக்கடத் தண்ணி அதுல வுழுந்து அந்தாண்டை, அவுங்க பக்கம் போயி நிக்குது. அந்தக் கொழாய்க்குள்ள ஒயரை நொழைச்சிடலாம். மேலயும் போவாது, கீழயும் தோண்ட வேணாம்."

ஊரின் சாக்கடை இத்தனை வருடமாகச் சாமி போகும் பாதைக்கு அடியில்தான் ஓடிக் காலனி வாசலில் தேங்குகிறது. அதற்கு எந்தத் தீட்டும் இல்லை, எந்த ஆட்சேபமும் இல்லை. சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சாக்கடையில போவுதுன்னா போவட்டும். எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அதிகாரி தாளை ஜான்சி பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டால் இருபது நாளில் இணைப்பு. மறுத்தால் மேல்முறையீடு, ஆண்டுக் கணக்கு. வேலை அதற்குள் போய்விடும். மருத்துவமனைக்குப் போக வேண்டிய அப்பா வீட்டில் படுத்திருக்கிறார். ஜான்சி கையெழுத்துப் போட்டார். ஆனால் பெயருக்கு மேலே தன் கையால் இரண்டு வரி எழுதினார்: "கம்பம் நட இடம் இருந்தும், சாதியைக் காரணம் காட்டிச் சாக்கடை வழியாகத் தருகிறார்கள். ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்." அதிகாரி அதை அடிக்கச் சொன்னார். "அடிச்சா கையெழுத்தும் சேந்து போயிடும் சார்" என்றார் ஜான்சி. அந்த இரண்டு வரியும் அப்படியே நின்றன.

வீட்டில் கண்ணாயிரம் கட்டிலிலிருந்து கேட்டார்: "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டேன்."

"நல்லதாப் போச்சி."

"நல்லது இல்லப்பா."

ஜூன் 24 அன்று மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து அறையில் இடுப்பு முறிந்த அப்பா முனகிக்கொண்டிருக்க, ஓஹையோவில் இடுப்பு முறிந்த யாரோ ஒரு கிழவருக்கு மருத்துவர் சொன்னதை ஜான்சி தட்டச்சு செய்தார். அந்தக் கிழவருக்கு வீட்டுக்கே வந்து நடைப்பயிற்சி கொடுக்கிறார்களாம். ஜான்சி அதைக் கேட்டு, பெடலை மிதித்துத் திரும்பக் கேட்டு, அப்பாவுக்கு அதே பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாயிரம் கோலூன்றி வாசல்வரை நடந்தது அப்படித்தான். இதை எந்தச் சாமியும் செய்யவில்லை. கம்பி செய்தது.

அக்டோபரில் மழை பிடித்தது. கல்வெர்ட்டு நிரம்பியது. குழாய்க்குள் கம்பி சேரும் இடத்தில் சாக்கடை ஏறியது. பச்சை விளக்கு அணைந்தது. சபாபதி வந்து முழங்கால் சேற்றில் இறங்கி, கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி சேர்த்துச் சுற்றினார். நான்கு நாளில் மறுபடி அணைந்தது. அந்த மழைக்காலத்தில் மட்டும் ஆறு முறை.

"இத்தினி வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி நாத்தத்துல கைய வுட்டதில்லம்மா" என்றார் சபாபதி, வாசல் குழாயில் கையைக் கழுவிக்கொண்டே. "நாந்தான் இந்த வழியச் சொன்னேன். என்னியத்தான் செருப்பால அடிக்கணும்."

"நீங்க வழி சொன்னீங்க. மறிச்சவங்க வேற ஆளு."

"பழுதுப் புத்தகத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. மழைன்னு எழுதச் சொல்றாரு மேல இருக்கறவரு. நான் எழுதல."

"என்னா எழுதுனீங்க?"

"உள்ளதத்தான் எழுதுனேன். சாமி பாதை ஆட்சேபத்தால் சாக்கடை வழி. ஆறு தடவையும் அதையேதான்."

அந்தப் புத்தகத்தின் நகலையும் ஜான்சி பத்து ரூபாய் கட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

நிறுவனம் அந்த ஆண்டு பொறுத்துக்கொண்டது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். 2010 நவம்பரில் கடலூர் மாவட்டம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. கல்வெர்ட்டு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. சபாபதி தலைகீழாக நின்றாலும் உள்ளே கை எட்டாது. பதினோரு நாள் விளக்கு எரியவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலை பதினோரு நாள் கிடந்தது. நிறுவனம் அவரை நீக்கியது. நீக்கிய கடிதமும் மின்னஞ்சலில்தான் வந்தது. அதைப் படிக்க அவரிடம் கம்பி இல்லை. கூட வேலை பார்த்த ஒரு பெண் கைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, மெயில் பாத்தீங்களா?" என்று கேட்டபோதுதான் தெரியும்.

அதே பதினோரு நாளும் கேபிள் டிவி ஒருநாள்கூட நிற்கவில்லை. அது சாமிக்கு மேலே, காற்றோட்டமாக, ஈரம் படாமல் போகிறது.

சிலர் இதைக் கேட்டுவிட்டு, "விதி" என்று பெருமூச்சு விடுகிறார்கள். விதியாம்! விதி என்பவர் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்? அவர் பெயரில் எந்தக் கோப்பில் கையெழுத்து இருக்கிறது? இந்தக் கதையில் நடந்த ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பேனா பிடித்த கை இருக்கிறது. தரலாம் என்று முத்திரை விழுந்த அதே கோப்பில் இயலாது என்றும் முத்திரை விழுந்தது. அதை விதி என்று சொல்பவர்கள் அந்தக் கையைக் காப்பாற்றுகிறார்கள்.

ஜான்சி இப்போது குமராட்சியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறார். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கேட்டால் அதைப் பற்றிப் பேச மாட்டார். கோப்பைத்தான் எடுத்து முன்னால் போடுவார். சென்ற ஆண்டு புதுத்தெருவில் எட்டு வீட்டார் தொலைபேசிக்கு விண்ணப்பித்தார்கள். எட்டு முகவரியிலும் ஜான்சி சொல்லி ஒரே மாதிரி எழுதினார்கள்: புதுத்தெரு, அதாவது காலனி, ஒட்டந்திட்டு. இந்த முறை ஆள் தெரியாமல் ஏமாந்துவிட்டோம் என்று எவரும் சொல்ல முடியாது. எட்டுக்கும் பதில் வந்தது: சாத்தியக்கூறு பரிசீலனையில் உள்ளது.

இந்த ஆண்டு மாசி மகத்தன்று, சாமி தெற்குத் தெருவுக்கு வந்த நேரத்தில், ஜான்சி கல்வெர்ட்டுக்கு இந்தப் பக்கம், தன் தெருவின் எல்லையில் நின்றார். சுப்பராயலுவின் ஆள் கவைக்கோலால் கேபிள் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். சாமி அதன் அடியில் குடையோடு குனிந்து போனது. ஜான்சி படம் எடுத்தார்.

"ஏய், என்னாத்துக்குப் படம் புடிக்கிற?" என்று ஒருவர் கத்தினார்.

"சாமியத்தான் புடிக்கிறேன். கூடவே கம்பியும் வுழுவுது, நான் என்னா செய்ய?"

அந்தப் படம் இப்போது, முடியாத பரிசீலனையை எதிர்த்து எட்டு வீட்டாரும் போட்ட மேல்முறையீட்டில் இணைப்பாகப் போயிருக்கிறது. கீழே சாமி, மேலே காலனிக்குப் போகும் கம்பி, நடுவில் ஒரு கவைக்கோல். வானம் இடிந்து விழவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு ஜான்சிக்காக வருத்தப்படாதீர்கள். அவருக்கு அது தேவையில்லை. நாளைக் காலையில் உங்கள் ஊர்த் தொலைபேசிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அங்கிருந்து கம்பி போகும் வழியிலேயே நடந்து, அது எந்தத் தெருவோடு நிற்கிறது என்று பாருங்கள். நின்ற இடத்துக்கு அப்பால் வீடுகள் இருந்தால், ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரும் எடுங்கள். பெட்டியில் எத்தனை காலி, எத்தனை மீட்டர், எந்தத் தொழில்நுட்பம் தடுக்கிறது என்று எழுதி, அடியில் உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். கோப்பின் நகலையும் கேட்க மறக்காதீர்கள்.